பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச்: உள்ளிருந்து வெளியே

பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டத் தொடங்குகிறவர்கள் கிளட்ச்சைப் பற்றிச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, லிவரைப் பிடித்தாலும் கிளட்ச் விடுவதில்லை. முதல் கியர் போட்டால் ‘கடக்’கென்று இடிக்கிறது, நின்ற இடத்தில் நியூட்ரல் விழ மறுக்கிறது, லிவரை முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. மற்றொன்று, லிவரை விட்டாலும் கிளட்ச் பிடிப்பதில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. மேட்டில் திணறுகிறது. கிக்கரை மிதித்தால் இன்ஜின் சுற்றாமல் கால் மட்டும் கீழே போகிறது. முதல் குறையைக் கிளட்ச் இழுக்கிறது என்பார்கள், இரண்டாவதை ஸ்லிப் ஆகிறது என்பார்கள்.

இரண்டுக்குமே பலரும் செய்வது ஒரே வைத்தியம்: ஹேண்டில்பாரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கிற அட்ஜஸ்டரைத் திருகுவது. கைக்கு எட்டுகிற இடம், ஸ்பேனர்கூடத் தேவையில்லை. ஆனால் அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். கிளட்ச்சை உள்ளிருந்து வெளியே வரிசையாகச் சரிசெய்ய வேண்டும். முதலில் ஸ்பிரிங்கும் பிளேட்டும், பிறகு புஷ் ராட், அதன் பிறகே கேபிள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் உள்ளே இருக்கிற கோளாறைக் கேபிள் மறைத்துவிடும். மறைந்த கோளாறு கொஞ்ச நாளில் பிளேட்டையோ ராடையோ தின்றுவிட்டுத்தான் வெளியே தலைகாட்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

பழைய புல்லட், ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் போன்ற வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது எண்ணெயில் நனைந்தபடி ஓடும் பல பிளேட் கிளட்ச். இன்ஜினின் சிறிய பல்சக்கரத்திலிருந்து ஒரு பிரைமரி செயின் வந்து பெரிய பல்சக்கரம் ஒன்றைச் சுற்றுகிறது. அந்தப் பெரிய சக்கரத்தோடு சேர்ந்தே இருப்பது கிளட்ச் டிரம். டிரம்மின் விளிம்பில் நீளமான வெட்டுகள் இருக்கும். அதற்குள்ளே, கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோடு இணைந்த இன்னொரு உருளை இருக்கிறது, அது ஹப். இன்ஜின் ஓடினால் டிரம் சுற்றும், ஹப் சுற்றினால் வண்டி நகரும். இரண்டுக்கும் நடுவே நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. பிளேட்டுகள்தான் தொடர்பு.

பிளேட்டுகள் இரண்டு வகை. உராய்ந்து பிடிக்கும் பொருளான லைனிங்கை இருபக்கமும் ஒட்டிய பிளேட்டுகளுக்கு வெளிப்பக்கம் காதுகள் உண்டு. அந்தக் காதுகள் டிரம்மின் வெட்டுகளில் உட்காரும். வழவழப்பான எஃகுப் பிளேட்டுகளுக்கு உட்பக்கம் பற்கள் உண்டு. அவை ஹப்பைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று விட்டு ஒன்றாக இவற்றை அடுக்கி, மேலே பிரஷர் பிளேட்டை வைத்து, ஸ்பிரிங்குகளால் அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் அழுத்தும்வரை எல்லாம் ஒரே கட்டாகச் சுற்றும். நீங்கள் லிவரை இழுத்தால் கேபிள் வழியாக ஒரு சிறிய நெம்புகோல் திரும்பி, கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நடுத்துளை வழியாகப் போகும் புஷ் ராடைத் தள்ளுகிறது. ராட் பிரஷர் பிளேட்டை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் விலகியதும் பிளேட்டுகள் பிரிந்து, டிரம் ஒரு பக்கமும் ஹப் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே ஓடுகின்றன.

ஒரே பெரிய பிளேட் போதாதா, ஏன் இத்தனை? உராய்வால் கடத்தக்கூடிய முறுக்குவிசையை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: லைனிங்கின் உராய்வுத் தன்மை, ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. மோட்டார் சைக்கிளில் பெரிய ஆரத்துக்கு இடம் கிடையாது. ஸ்பிரிங்கை ஏற்றிக்கொண்டே போனால் விரல்கள் தாங்காது. எனவே எண்ணிக்கையைக் கூட்டினார்கள். இருபக்கமும் லைனிங் உள்ள ஐந்து பிளேட்டுகள் இருந்தால் பத்து உராயும் பரப்புகள். அதே ஸ்பிரிங், அதே ஆரம், ஒற்றைப் பரப்பைவிடப் பத்து மடங்கு பிடிப்பு.

இதற்கு ஒரு விலை உண்டு. பழைய வண்டிகளின் கிளட்ச் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லிவரை முழுக்க இழுக்கும்போது பிரஷர் பிளேட் 2 மி.மீ. எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 மி.மீ. பத்துப் பரப்புகளுக்கும் பங்கிட்டாக வேண்டும். ஆளுக்கு 0.2 மி.மீ. கிடைக்கும். அவ்வளவுதான் பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி. ஒரு எஃகுப் பிளேட் சூட்டில் 0.2 மி.மீ. வளைந்திருந்தாலும் அதற்குரிய இடைவெளி போயிற்று. பிரஷர் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தாலும் அப்படியே. கேபிள் தளர்ந்து, பிளேட் 2 மி.மீ.க்குப் பதில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் எழுகிறது என்றால் கால்பங்கு காணாமல் போனது. பழைய வண்டியின் கிளட்ச் இவ்வளவு சிறிய அளவுகளில் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டாலே, ஏதோ கொஞ்சம் திருகிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் போய்விடும்.

பிரேக்குக்கு எதிரான திசை

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. டிரம் பிரேக்கில் லைனிங் தேயத் தேய லிவர் தளர்ந்துகொண்டே போகும். நாம் இறுக்கிக்கொண்டே வருவோம். கிளட்ச்சில் லைனிங் தேய்ந்தால் நடப்பது நேர் எதிர். பிளேட்டுகள் மெலிகின்றன, மொத்த அடுக்கின் கனம் குறைகிறது, பிரஷர் பிளேட் உள்ளே இறங்குகிறது. அப்படி இறங்கும்போது புஷ் ராடையும் தன்னோடு உள்ளே தள்ளுகிறது. ராடுக்கும் அதைத் தள்ளும் நெம்புகோலுக்கும் இடையே விட்டிருந்த இடைவெளி சுருங்குகிறது. கடைசியில் இடைவெளியே இல்லாமல் ராட் நெம்புகோலில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேலும் லைனிங் தேய்ந்தால் பிரஷர் பிளேட்டால் உள்ளே இறங்க முடியாது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பங்கைப் பிளேட்டுகளுக்குப் பதில் ராட் வாங்கிக்கொள்ளும். கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கும்.

ஸ்லிப் ஆனால் சூடு, சூட்டில் லைனிங் இன்னும் வேகமாகத் தேயும், இடைவெளி இன்னும் குறையும். கூடவே, சுற்றாத நெம்புகோலுக்கும் சுற்றுகிற பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ராட் இடைவிடாமல் அழுத்தத்தில் சிக்கிக்கிடக்கும். ராடின் முனை சூடாகி நீலம் பாரிக்கும். கடினப்படுத்திய முனை அந்தச் சூட்டில் மென்மையாகி, காளான் தலைபோலப் பரந்துவிடும். பரந்த முனை ஷாஃப்ட்டின் துளை வழியாக வெளியே வராது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பார்க்காமல் விட்டதற்குக் கியர்பாக்ஸைப் பிரிக்கும் அளவுக்கு வேலை வந்துவிடும்.

ஆகவே, லிவரில் இருக்கும் தளர்வு தானாகக் குறைந்துவிட்டதைக் கண்டால் நல்லது நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். லைனிங் தேய்ந்திருக்கிறது என்பதற்கான முதல் அறிகுறி அது. லிவரில் தளர்வு கூடினால் கேபிள் நீண்டிருக்கலாம், உறை அமுங்கியிருக்கலாம், முனையில் இழைகள் அறுபடத் தொடங்கியிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சரிசெய்யும் வரிசை

உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் கையில் இருந்தால் அதில் சொன்ன அளவே அளவு. இங்கே சொல்வது பெரும்பாலான பழைய வண்டிகளுக்குப் பொருந்தும் முறை. ஸ்பிரிங்கும் பிளேட்டும் சரியாக இருப்பதாக வைத்துக்கொண்டு புஷ் ராடிலிருந்து தொடங்குகிறேன். அவற்றைப் பார்க்கும் முறை அடுத்த பகுதிகளில் வரும். இன்ஜின் அணைந்து, ஆறியிருக்க வேண்டும்.

முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். ஹேண்டில்பார் பக்க அட்ஜஸ்டரைக் கடைசிவரை உள்ளே திருகிவிடுங்கள். நடுவிலோ கியர்பாக்ஸ் பக்கமோ இன்னொரு அட்ஜஸ்டர் இருந்தால் அதையும். லிவர் தொளதொளவென்று ஆட வேண்டும். கேபிளின் இழுவை கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் அடுத்து செய்யப்போவது அத்தனையும் பொய்க்கணக்காகிவிடும்.

அடுத்தது புஷ் ராட். இதற்கான திருகு எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ட்ரையம்ஃப் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பிரஷர் பிளேட்டின் நடுவிலேயே ஒரு திருகும், அதை அசையாமல் பூட்டும் லாக் நட்டும் உண்டு. பிரைமரி செயினையும் கிளட்ச்சையும் மூடியிருக்கும் செயின் கேஸின் மூடியில் இருக்கும் வட்ட அடைப்பைக் கழற்றினால் தெரியும். வேறு சில வண்டிகளில் எதிர்ப்பக்கம், கியர்பாக்ஸ் மூடிக்குள் இருக்கும். எங்கே இருந்தாலும் செய்வது ஒன்றுதான். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவரால் திருகை மெல்ல உள்ளே திருகுங்கள். முதலில் இலகுவாகப் போகும். ஒரு கட்டத்தில் எதிர்ப்பு தட்டும். ராட் இருபுறமும் முட்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை விரலால் உணர வேண்டும். அவசரமாகத் திருகினால் தாண்டிப்போய்ப் பிரஷர் பிளேட்டைத் தூக்கத் தொடங்கிவிடுவீர்கள். முட்டிய இடத்திலிருந்து திருகைப் பின்னால் திருப்புங்கள். ட்ரையம்ஃபில் ஒரு முழுச் சுற்று. பல வண்டிகளில் அரைச் சுற்றுக்கும் ஒரு சுற்றுக்கும் இடையில் இருக்கும். திருகை ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிப்போவதுண்டு. எனவே இறுக்கிய பிறகு, நெம்புகோலை விரலால் ஆட்டிப் பார்த்துச் சிறு தளர்வு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போதுதான் கேபிள். லிவருக்கும் அதன் பிடிக்கும் நடுவே, கேபிள் நுழையும் இடத்தில் 1.5 முதல் 3 மி.மீ. வரை தளர்வு இருக்கும்படி அட்ஜஸ்டரை வெளியே திருகி லாக் செய்யுங்கள். சில மேனுவல்கள் இந்தத் தளர்வை லிவரின் நுனியில் அளக்கச் சொல்லும். நுனியில் அளந்தால் அதே தளர்வு பல மடங்கு பெரிய எண்ணாகத் தெரியும். எந்த இடத்து அளவு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் தவறிப்போகும். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, இரண்டு நிலையிலும் தளர்வு மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அதன் பாதையை மாற்றிக் கட்ட வேண்டும்.

நெம்புகோலின் கோணத்தையும் கவனியுங்கள். கியர்பாக்ஸ் பக்கத்து நெம்புகோலும் கேபிளும், இழுத்து முடிக்கும் நிலையில், ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் இழுப்பு முழுவதும் வேலைக்குப் போகும். புஷ் ராடைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே வந்த வண்டியில் இந்த நெம்புகோல் எக்கச்சக்கமான கோணத்தில் திரும்பி நிற்கும். அதில் லிவர் கனக்கும், பிளேட்டும் போதிய அளவு எழாது. உள்ளிருந்து வெளியே என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கிளட்ச் லிவரையே மாற்றியிருந்தால் இன்னொரு சிக்கல் வரும். லிவரின் அச்சுக்கும் கேபிள் முனை உட்காரும் துளைக்கும் உள்ள தூரம் ஒரு வகையில் 7/8 அங்குலம், இன்னொரு வகையில் 1 1/16 அங்குலம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தூரம் கூடினால் கேபிள் அதிகம் இழுபடும், விரலுக்குக் கனம் ஏறும். தூரம் குறைந்தால் லிவர் இலகுவாக இருக்கும், பிளேட்டுகள் முழுக்கப் பிரியாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கிளட்ச் இழுக்கிறது என்றால் லிவரை ஒரு ஸ்கேலால் அளந்துவிடுங்கள்.

பிரஷர் பிளேட் நேராக எழுகிறதா

மேலே சொன்னவற்றையெல்லாம் செய்த பிறகும் நியூட்ரல் விழவில்லையென்றால் செயின் கேஸின் மூடியைக் கழற்ற வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கிக்கரை மிதிக்க இலகுவாக இருக்கும், இன்ஜின் தவறிக் கிளம்பவும் வாய்ப்பில்லை.

லிவரை ஒருவர் இழுத்துப் பிடிக்க, நீங்கள் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பிரஷர் பிளேட் சுற்றும்போது அதன் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நேராகச் சுற்றுகிறதா, ஆடி ஆடிச் சுற்றுகிறதா? செயின் கேஸில் ஒரு கம்பியை நிறுத்தி, அதன் நுனியைப் பிளேட்டுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டால் ஆட்டம் தெளிவாகத் தெரியும். நுண்ணிய அசைவை அளந்து காட்டும் டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது.

ஆட்டம் இருந்தால் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங்குகளின் அழுத்தம் சமமாக இல்லாததே. ஸ்பிரிங் தளர்ந்த பக்கம் பிளேட் அதிகமாக எழும், இறுக்கமான பக்கம் குறைவாக எழும். அதிகம் எழுகிற இடத்துக்குப் பக்கத்து நட்டை அரைச் சுற்று இறுக்கிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். எல்லா நட்டுகளின் தலையையும், அவை பூட்டியிருக்கும் திருகுக்கம்பியான ஸ்டட்டின் முனையோடு சமமாக வைத்துக்கொண்டு தொடங்குவது வழக்கம். ஆனால் அது தொடக்கம் மட்டும்தான். பழைய ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத் தளர்ந்திருக்கும். எனவே நட்டுகள் சமமாக இருப்பதைவிட பிளேட் நேராக எழுவதுதான் முக்கியம். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். கால், அரை என்று திருகித் திருகிப் பார்க்க வேண்டும். பழைய வண்டியின் கிளட்ச்சுக்கு நாம் செய்யும் வேலைகளிலேயே அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. புதுப் பிளேட் வாங்கிப் போட்டும் சரியாகாத எத்தனையோ வண்டிகள் இதைச் செய்ததும் வழிக்கு வந்துவிடும்.

ஸ்லிப் ஆகிறதே என்று எல்லா நட்டுகளையும் கடைசிவரை இறுக்குவது சிலரின் பழக்கம். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் பிளேட் எழவே எழாது. அந்த நிலையில் லிவரை இழுத்தால் கேபிளும் ராடும்தான் பாடுபடும். ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன என்று தோன்றினால் வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பிளேட்டுகளை வெளியே எடுக்கும்போது

ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த காலம் உண்டு. உங்கள் வண்டியில் இருப்பது எந்தக் காலத்து லைனிங் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தூளை ஊதாதீர்கள், காற்றழுத்தக் குழாயால் அடிக்காதீர்கள், உப்புத்தாளால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதற்கும் முந்தைய வண்டிகளில் லைனிங்குக்குப் பதில் கார்க் துண்டுகள் பதித்திருப்பார்கள். கார்க் எண்ணெயிலும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் சூடு தாங்காது, ஸ்லிப் ஆகவிட்டால் கருகிவிடும்.

எஃகுப் பிளேட்டுகளைக் கனமான கண்ணாடிப் பலகையின்மேல் ஒவ்வொன்றாக வைத்து ஓரங்களை விரலால் தட்டிப் பாருங்கள். தளமாக இருந்தால் சத்தம் வராது. வளைந்திருந்தால் தடதடவென்று ஆடும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் 0.2 மி.மீ. தகடு அடியில் நுழைகிறது என்றால் அந்தப் பிளேட் வேண்டாம். பத்துப் பரப்புகளுக்குப் பங்கிட்ட இடைவெளிக் கணக்கை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். நீலம் பாரித்திருந்தால் அதிகச் சூடு கண்டிருக்கிறது. கண்ணாடிபோல மினுமினுத்தால், அதே பலகையின்மேல் எமரித் தாளை விரித்து வட்டவட்டமாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்துவிடலாம்.

அடுத்து டிரம்மின் வெட்டுகள். பிளேட்டின் காதுகள் ஒவ்வொரு முறையும் இந்த வெட்டுகளின் சுவரில் அடித்து அடித்துச் சிறு பள்ளங்களை உண்டாக்கிவிடும். லிவரை இழுக்கும்போது பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டு பிரிவதற்குப் பதில் அந்தப் பள்ளங்களில் மாட்டிக்கொண்டு நிற்கும். எத்தனை சரியாகக் கேபிளை வைத்தாலும் கிளட்ச் இழுக்கும். விரல் நகத்தை அந்தச் சுவரின்மேல் இழுத்துப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். மேலோட்டமாக இருந்தால் மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம். எல்லா வெட்டுகளையும் ஒரே அளவுக்கு அராவ வேண்டும். ஒரு வெட்டை மட்டும் அகலப்படுத்திவிட்டால் மொத்தச் சுமையும் மற்றவற்றின்மேல் விழும். பள்ளம் ஆழமாக இருந்தால் டிரம்மை மாற்றுவதுதான் வழி. ஹப்பின் பற்களிலும் இதே பள்ளங்கள் விழும். அதையும் மறக்காமல் பாருங்கள்.

டிரம்மை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இலேசான அசைவு இருக்கலாம். கையோடு தலையாட்டினால் உள்ளே இருக்கும் ரோலர்கள் தேய்ந்துவிட்டன. டிரம் தலையாட்டும்போது பிளேட்டுகள் ஒருபோதும் சீராகப் பிரியாது. டிரம்மைக் கழற்றும் வண்டிகளில் சிலவற்றில் ரோலர்கள் கூண்டு இல்லாமல் சும்மா நிறுத்தியிருக்கும், கழற்றியதும் உதிரும். அடியில் தட்டு இருந்தால் தேட வேண்டியதில்லை. நடு நட்டைக் கழற்றுவதற்காகச் செயினுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி டிரம்மை நிறுத்தாதீர்கள். ஒரு பழைய லைனிங் பிளேட்டையும் ஒரு எஃகுப் பிளேட்டையும் சேர்த்து வெல்ட் செய்து, பிடி ஒன்று வைத்துக்கொண்டால் டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பூட்டும் நல்ல கருவி ஆகிவிடும்.

புஷ் ராடை வெளியே எடுக்கும்போது அதன் இரு முனைகளையும் பாருங்கள். சில வண்டிகளில் ராடின் முனையில் தனியாக ஓர் எஃகுக் குண்டு இருக்கும். காந்தத்தால் எடுத்துக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மறுபடி பூட்டிவிட்டு, அட்ஜஸ்டர் எட்டவில்லை என்று குழம்பாமல் இருக்கலாம். ராடைக் கண்ணாடியின்மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

எண்ணெய்

செயின் கேஸுக்குத் தனியாக எண்ணெய் ஊற்றும் வண்டிகளும் உண்டு, இன்ஜின் எண்ணெயே அங்கும் போய்வரும் வண்டிகளும் உண்டு. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. கெட்டியான எண்ணெயை ஊற்றினால் குளிரில் பிளேட்டுகள் பசைபோட்டதுபோல ஒட்டிக்கொள்ளும், கிளட்ச் இழுக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் அப்படித்தான். மட்டத்துளைத் திருகு இருக்கும் வண்டிகளில், வண்டியை நேராக நிறுத்தி, துளையில் எண்ணெய் கசியத் தொடங்கும்வரை ஊற்றி நிறுத்திவிடுங்கள்.

காருக்கென்று விற்கும், எரிபொருளை மிச்சப்படுத்தும் வகை எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கும். இன்ஜினுக்கு நல்லதாக இருக்கலாம், எண்ணெயில் நனையும் கிளட்ச்சுக்கு ஆகாது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறியீட்டைப் பாருங்கள். அது நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்.பி. என்றிருந்தால் உராய்வு குறைவு, இந்த வகைக் கிளட்ச்சுக்கு வேண்டாம். எண்ணெய் மாற்றியதிலிருந்து ஸ்லிப் ஆகிறது என்றால் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் எண்ணெயைச் சந்தேகியுங்கள். கியர்பாக்ஸின் கெட்டி எண்ணெய் புஷ் ராடின் துளை வழியாகக் கசிந்து பிளேட்டுகளில் படிவதும் உண்டு. நார்ட்டன் கமாண்டோ ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை.

இந்த முறைக்குள் அடங்காத வண்டிகள்

அதே கமாண்டோவில் சுருள் ஸ்பிரிங்குகள் கிடையாது. ஒரே ஒரு வட்டமான டயஃப்ரம் ஸ்பிரிங் இருக்கும். அதற்கென்று உள்ள கருவி இல்லாமல் அதைக் கழற்ற முயல்வது ஆபத்து. பி.எம்.டபிள்யூ.வின் பழைய பாக்ஸர் வண்டிகளில் காரில் இருப்பதுபோல ஃப்ளைவீலில் ஒற்றை உலர் பிளேட். அங்கே எண்ணெய் பட்டாலே கெடுதல். வின்சென்ட்டின் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் ஒரு சிறிய பிளேட் கிளட்ச், டிரம் பிரேக்கின் ஷூக்களைப் போன்றவற்றை விரியச்செய்து சுமையைத் தாங்கும் அமைப்பு இருக்கிறது. அதன் ஸ்பிரிங்குகளை மற்ற வண்டிகளைப்போலக் கணக்கிடக் கூடாது. ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் லிவரை அழுத்தும்போதே கிளட்ச்சும் விடுபடும். எனவே கை லிவரின் தளர்வை மட்டும் பார்த்தால் போதாது. காலால் கியர் மாற்றும்போது கிளட்ச் முழுக்க விடுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் மேனுவல் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

வழக்கமாகக் கவனிக்க வேண்டியவை

கேபிள் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, லிவர் பக்கத்து முனையில். அந்த முனைக்குண்டு லிவரின் துளைக்குள் தடையில்லாமல் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி அந்த ஒரே இடத்தில் மடங்கி, இழை இழையாக அறும். ஒரு துளி கிரீஸ் போதும். உள்ளே நைலான் குழாய் இல்லாத பழைய கேபிள்களுக்கு, மேல்முனையில் காகிதத்தால் சிறு புனல்போலச் சுற்றிக் கட்டி மெல்லிய எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டால் மறுமுனையில் சொட்டும். நீண்ட பயணம் போகிறவர்கள் புதிய கேபிள் ஒன்றைப் பழையதன் கூடவே பாதையில் இழுத்துக் கட்டி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். வழியில் அறுந்தால் முனைகளை மாற்றிப் பூட்டுவதோடு வேலை முடிந்தது.

கியர்பாக்ஸைப் பின்னால் நகர்த்திப் பிரைமரி செயினை இறுக்கும் வண்டிகளில், அப்படி நகர்த்திய ஒவ்வொரு முறையும் கிளட்ச் கேபிளின் தளர்வு மாறிவிடும். பின் செயினும் தளரும். செயினை இறுக்கிவிட்டுக் கேபிளைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

நாள்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இக்னிஷனைப் போடாமல், லிவரை முழுக்க இழுத்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று முறை மிதியுங்கள். முதலில் இன்ஜினும் சேர்ந்து சுற்றும். பிளேட்டுகள் விடுபட்டதும் கிக்கர் தடையில்லாமல் கீழே போகும். அதன் பிறகு கிளப்பினால் முதல் கியர் சத்தமில்லாமல் விழும். சிக்னலில் லிவரைப் பிடித்தபடி காத்திருக்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். பிடித்திருக்கும் நேரம் முழுவதும் ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தையும் புஷ் ராடின் முனை தாங்கிக்கொண்டிருக்கிறது. ஓடும்போது லிவரின்மேல் விரல்களை அழுத்தி வைத்திருப்பதும் ஆகாது.

எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும் சோதிக்க ஒரு வழி. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்குங்கள். நின்று, லிவரை இழுத்து, மூன்று வரை எண்ணிவிட்டு முதல் கியர் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்து, வண்டி நகராமல் நின்றால் கிளட்ச் முழுக்க விடுகிறது. பிறகு வண்டிகள் இல்லாத சாலையில், மேல் கியரில் நடுத்தர வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். இன்ஜின் சத்தமும் வேகமும் ஒன்றாக ஏறினால் கிளட்ச் முழுக்கப் பிடிக்கிறது. திரும்பி வந்து, சூடு இருக்கும்போதே லிவரின் தளர்வை மறுபடி அளங்கள். 1.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் அட்ஜஸ்டரை அரைச் சுற்று உள்ளே திருகி லாக் செய்துவிடுங்கள். புதுப் பிளேட் போட்டிருந்தால் அடுத்த சில பயணங்களுக்குப் பிறகு புஷ் ராடிலிருந்து தொடங்கி இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும். புது லைனிங் ஆரம்பத்தில் சற்று அதிகமாகவே அமுங்கும்.